முற்றுப்புள்ளியிலிருந்து வாசிப்பவள்

1

இந்தக் கதை ஒரு காலி வாளியில் பிறந்தது. யான் என்ற எங்கள் ஊரின் தாமான் குடியிருப்பில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. வாட்ஸாப் குழுவில் யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள்: “நாளையும் நம் பகுதியில் குழாயில் தண்ணீர் வராது.” அவசரத்தில் பார்த்த நான் ‘வரும்’ என்று படித்தேன். மறுநாள் வாளியில் மிச்சமிருந்ததை ஊற்றி, உடம்பெல்லாம் சோப்புப் போட்டுக்கொண்டு குழாயைத் திருகியபோது எனக்கு வியப்பு வந்தது. (கோபம் பிறகு வந்தது.) கண் பார்க்காத ஒரு சொல்லை மனம் எப்படித் தானாக எழுதிக்கொண்டது?

ஆனால் சோப்போடு நிற்கும் எழுத்தாளன் எதையும் இழப்பதில்லை. இழக்க ஏதாவது உள்ள ஒருவர் எனக்கு வேண்டும்.

2

யோகேஸ்வரி ஒரு கல்லூரி மாணவி. தேர்வுக்கு முன்தினம் அவள்

வேண்டாம். மாணவிக்கு மறுதேர்வு உண்டு.

குணவதிக்கு இல்லை. சுங்கை பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் ஓட்டை பார்ப்பது அவள் வேலை. இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. நீதிமன்றத்தில் தமிழ்–மலாய் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள். அடுத்த வாரம் நேர்காணல். ஒரு பக்கத் தமிழ் வாக்குமூலத்தைக் கொடுப்பார்கள், சீக்கிரமே திரும்ப வாங்கிக்கொள்வார்கள், அவள் அதை மலாயில் சொல்ல வேண்டும். (உண்மையில் எப்படி நடக்கும் என்று தெரியாது. இது என் கதையின் நேர்காணல்.)

அதற்காக வேகவாசிப்பு வகுப்புக்குப் போனாள். மலாயில் நடந்த வகுப்பு. பேனா முனையை வரிக்கு அடியில் ஓட்டு. வரியின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் ஓரக்கண்ணுக்கு விட்டுவிடு. நடுவில் மட்டும் ஓடு. மலாய்ப் பக்கங்கள் பறந்தன. படித்ததும் நினைவில் நின்றது. தமிழ்ப் பக்கங்களும் பறந்தன. ஆனால் நினைவில் நின்றது தலைகீழாக நின்றது.

3

சமையலறை மேசை. அவள் படித்து முடித்த பயிற்சித் தாளை, தஞ்சோங் டாவாய் ஊர்க்காரர் ஒருவரின் வாக்குமூலத்தை, லாரி ஓட்டும் கணவன் வசந்தன் பிடுங்கிக்கொண்டான்.

“ஆங், இப்ப சொல்லு. தஞ்சோங் டாவாய் அய்யாவு என்னா சொன்னாரு?”

“காளிதாசன் படகு எடுத்துக்கிட்டுப் போனாரு. நான் தடுத்தேன். அவரு தண்ணியில விழுந்தத பார்த்தேன்.”

“அடியே, தடுக்கல, பார்க்கவும் இல்லன்னு எழுதியிருக்கு லா! சிவனேன்னு இருந்த மனுசன இழுத்து சாட்சி கூண்டுல ஏத்திட்ட!”

“மலாய்ல மட்டும் எப்படிங்க சரியா வருது? அதே கண்ணு, அதே பேனா.”

“ஒனக்கு மலாய் கண்ணு போல. பேசாம வேற கெர்ஜா, வேற வேல பாரு.”

“சிரிங்க, சிரிங்க. நாளைக்கு சோறு நீங்கதான் ஆக்கணும்.”

[இந்த இடத்தில் ஒரு பேராசிரியரை உள்ளே அனுப்பி விளக்க வைக்க நினைத்தேன். குணவதியின் முகத்தைப் பார்த்ததும் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.]

4

வசந்தன் அவளைச் சீண்டுவதற்காகவே அடுத்த தாளை இழுத்து இழுத்து வாசித்தான்.

“நான் அவரிடம் பணம்…”

“ம்?”

“பணம்…”

“வாங்குனாரா, வாங்கலியா? சொல்லித் தொலைங்க லா!”

“இதுக்கு மேல தெரியணும்னா பாலில்லாத டீ, தே ஆவ் ஒண்ணு கலக்கு.”

குணவதி எழுந்திருக்கவில்லை. “இன்னொரு தடவ அப்படியே நிறுத்துங்க,” என்றாள். அவன் நிறுத்தினான். அவள் பேனாவை எடுத்து, தாளில் இருந்த முற்றுப்புள்ளிகளை எல்லாம் வட்டமிடத் தொடங்கினாள்.

5

மலாயில் ‘இல்லை’ என்பதற்கான ‘திடாக்’ வினைக்கு முன்னால் வந்துவிடும்: ‘சாயா திடாக் நம்பாக் டியா’, நான் அவரைப் பார்க்கவில்லை. ஓரங்களை விட்டாலும் அது நடுவில் சிக்கிக்கொள்ளும். தமிழ் எல்லாவற்றையும் வாலில் வைத்துக் காக்கிறது. வாக்குமூலத்தின் குட்டை வாக்கியங்கள் பெரும்பாலும் வரியோடு முடிகின்றன. வகுப்பு துறக்கச் சொன்ன அந்தக் கடைசிச் சொல்லைத் திறந்து பாருங்கள். ‘தடுக்கவில்லை’: நடந்ததா இல்லையா. ‘பார்த்தேன்’: யார், எப்போது. ‘போனாராம்’: இங்கேதான் எனக்கு மூச்சு நிற்கிறது. ‘ஆம்’ என்ற அந்தச் சின்ன ஒட்டு, சொல்பவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை, யாரோ சொல்லக் கேட்டார் என்கிறது. நீதிமன்றத்தில் ஒரு மனிதரின் தலைவிதி அந்த ஒட்டில் தொங்கலாம். குணவதி அதையும் ‘போனாரு’ என்று விழுங்கியிருந்தாள். வசந்தன்கூடக் கவனிக்கவில்லை.

(நீங்கள் கவனித்தீர்களா?)

அய்யாவுவின் தாளை மறுபடி படித்தாள், இந்த முறை முற்றுப்புள்ளிக்கு முந்திய சொற்களை முதலில் பார்த்து. தாளை வாங்கிக் கவிழ்த்தான் வசந்தன்.

“போனாராம். தடுக்கவில்லை. பார்க்கவில்லை,” என்றாள் முதலில். பிறகு ஒவ்வொன்றையும் இழுத்தாள். படகும் காளிதாசனும் தண்ணீரும் பின்னாலேயே வந்தன. முழுப் பக்கமும் மலாயில் வந்தது. ‘போனாராம்’ என்ற இடத்தில், பிறர் சொல்லக் கேட்டதைக் குறிக்கும் “கத்தான்யா” என்று அவள் சொன்னபோது வசந்தன் சிரிக்கவில்லை. தே ஆவ் கலக்க அவனே எழுந்தான்.

6

குணவதிக்கு அந்த வேலை கிடை

இங்கே நிறுத்துகிறேன். ‘கிடைத்தது’ என்று எழுத நான் அந்த நேர்காணல் அறைக்குள் இருக்கவில்லை. ‘கிடைக்கவில்லை’ என்று எழுத மனம் இல்லை. ‘கிடைத்ததாம்’ என்று நீங்கள் யாரிடமாவது சொன்னால் மறுக்க மாட்டேன். அந்த வாலை நீங்கள் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அவள் வழி மட்டும்தான். தமிழில் வேகமாகப் படிக்க, ஒவ்வொரு வாக்கியத்திலும் முற்றுப்புள்ளிக்கு முந்திய சொல்லை முதலில் பாருங்கள்; பிறகு தலையிலிருந்து ஓடுங்கள். நினைவில் நிற்க, பக்கத்தை மூடிவிட்டு அந்தக் கடைசிச் சொற்களை மட்டும் வரிசையாகச் சொல்லுங்கள். மற்றவை பின்னால் வரும்.