இடப்பக்கத்துக் கை

மலையாண்டிக்கு ஒரு தடவை வீம்பு ஏறிவிட்டால் அதை இறக்க அந்த அழகரே மலையை விட்டு இறங்கி வந்தாலும் ஆகாது. நாகஜோதி இதைக் கல்யாணமான மறுவாரமே தெரிந்துகொண்டாள். தெரிந்து என்ன புண்ணியம், பழகத்தான் முடிந்தது.

இந்தத் தடவை வீம்புக்குக் காரணம் ஒரு வாட்ஸ்அப். மலையாண்டிக்கு ஒரே தங்கச்சி, ராக்கம்மாள். அவள் மகள் ஆர்த்திகாவுக்கு அழகர்கோவிலில் காதுகுத்து வைத்திருந்தார்கள். பிள்ளையை மடியில் வைக்க வேண்டியது தாய்மாமன், அதாவது நம்ம ஆள். அப்பேர்ப்பட்ட தாய்மாமனை நேரில் வந்து தாம்பூலத்தட்டு வைத்துக் கூப்பிடாமல், தங்கச்சி புருஷன் வீரணன் பத்திரிகையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டான். படத்துக்குக் கீழே கும்பிடுகிற கை ஒன்று. தாய்மாமனுக்கு இதுதான் மரியாதையா என்று போனைக் கவிழ்த்து வைத்த மலையாண்டி, அதற்கப்புறம் தங்கச்சி கூப்பிட்டால்கூட எடுக்கவில்லை.

வீரணன் மட்டும் லேசுப்பட்ட ஆளா? மச்சான் வராவிட்டால் போகட்டும், என் சித்தப்பா மகன் மடியில் வைத்துக் காது குத்துவேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது பிள்ளை பங்காளி மடியில் உட்கார்ந்தால், அதோடு அண்ணன் வீட்டுக்கும் தங்கச்சி வீட்டுக்கும் போக்குவரத்து அறுந்தது என்று அர்த்தம். முதல் நாள் சாயங்காலம் ராக்கம்மாள் நாகஜோதிக்குப் போன் போட்டு ஓவென்று அழுதாள். எப்படியாச்சும் அண்ணனைக் கூட்டிட்டு வந்துருங்க மதினி என்றாள். எப்படியாச்சும் என்றால் எப்படி? கைப்பிள்ளையா, இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு போக?

காதுகுத்து அன்றைக்குப் பார்த்து மனுஷன் வேண்டுமென்றே திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினான். அவன் உரக்கடைக்குச் சரக்கு போடுகிறவர் வீட்டுக் கல்யாணமாம். காலையிலேயே எழுந்து டயருக்குக் காற்றடிக்கப் போகிறேன் என்று காரை எடுத்துப் போய்வந்தான். பிறகு மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி கட்டி, மீசையை முறுக்கி, காரில் ஏறி உட்கார்ந்தான். நாகஜோதி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதுக் கார், நடுவில் சிலேட்டுப் பலகை அளவுக்கு ஒரு திரை. நாம் தொடுவதற்கு முன்னாலேயே, பக்கத்தில் வருகிற கை யாருடையது என்று அது கண்டுபிடித்துவிடும். வண்டி ஓடும்போது டிரைவர் கை கிட்டே வந்தால் பட்டன் எல்லாம் மங்கிப்போய், 'சாலையைக் கவனிக்கவும்' என்று எழுத்து வரும். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் கை நீட்டினால் அத்தனையும் பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும். வண்டி நின்றுவிட்டால் யார் கையும் செல்லும். மலையாண்டியால் இதைத் தாங்க முடியவில்லை. உடம்பை வளைத்து இடப்பக்கமாகச் சுற்றிக் கை நீட்டிப் பார்த்தான், கைக்கு மேல் துண்டைப் போட்டு மூடிப் பார்த்தான். திரை மசியவில்லை. காசு போட்டவன் நான், என் கையைக் கண்டாத்தான் இதுக்கு ஆகலை என்று உரக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினான். நாகஜோதிக்கு உள்ளுக்குள் பரம சந்தோஷம்.

ஆனால் அந்தத் திரைக்குள்ளிருந்து வழி சொல்கிற பொம்பளைக் குரல் மேல் மட்டும் அவனுக்கு அப்படியொரு பக்தி. தினம் போகிற உரக்கடைக்கே அவளைக் கேட்டுத்தான் போவான். கட்டின பொண்டாட்டி கத்தினால் காதில் ஏறாது, அந்தக் குரல் வலப்புறம் திரும்பவும் என்றால் மறு பேச்சு கிடையாது. அன்றைக்கும் வாசலில் நிற்கும்போதே திருமங்கலம் மண்டபத்தைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினான்.

நாகமலைப் புதுக்கோட்டையைத் தாண்டினால் பைபாஸ் விலக்கு வரும். வலப்பக்கம் திரும்பினால் திருமங்கலம், நேரே போனால் மதுரை டவுனுக்குள் புகுந்து அழகர்கோவில். விலக்குக்குக் கொஞ்சம் முன்னால் நாகஜோதி பாட்டு மாற்றுகிறவள் போலக் கையை நீட்டினாள். 'அழகர்' என்று அடிப்பதற்குள் மிச்சத்தைத் திரையே காட்டிவிட்டது. அமுக்கினாள். நேராகச் செல்லவும் என்றது குரல்.

மலையாண்டி திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கையைக் கொண்டுபோனான். எல்லாம் மங்கியது. மறுபடி மாற்று என்று அதட்டினான். பாட்டு மாத்தத்தான் போனேன், இந்தக் கருமமெல்லாம் எனக்கு எங்கே தெரியும் என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்தே உயிரை எடுத்தான். மலையாண்டி என்னமோ முனகியபடி நேராகவே விட்டான். அடுத்த திருப்பத்தில் வண்டியை வளைத்துக்கொள்வதாகச் சொன்னான். அடுத்த திருப்பமும் வந்தது, போனது.

காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்திருந்ததால் தப்பித்தாள். கோரிப்பாளையத்தில்தான் மாட்டிக்கொண்டாள். சிவப்பு. வண்டி நின்றது. நின்றுவிட்டால் யார் கையும் செல்லும் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மலையாண்டியின் கை திரைப் பக்கம் போனது. பட்டன் ஒன்றும் மங்கவில்லை, அவனுக்காகப் பளிச்சென்று காத்திருந்தது. கருப்பசாமி, இந்த ஒரு தடவை காப்பாத்து என்று நாகஜோதி மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். அவன் விரல் மேப்புக்கு நேரே போய் நின்றது. பிறகு மெல்லக் கீழே இறங்கி ஏசியைக் கூட்டியது.

“புழுங்குது,” என்றான்.

ஏற்கெனவே குளிர் தாங்காமல் அவள் முந்தானையைப் போர்த்தியிருந்தாள். இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வண்டி புதூர் தாண்டி அழகர்கோவில் ரோட்டில் ஏறியது.

கோட்டைவாசலைத் தாண்டி உள்ளே போனால், மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். சித்தப்பா மகன் சம்மணம் போட்டே விட்டான். காரைக் கண்டதும் ராக்கம்மாள் எழுந்து ஓடிவந்தாள். வீரணன் வரவில்லை, விறைப்பாக நின்றான். மலையாண்டி இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவன் முன்னால் போய் நின்றான்.

“நானா வரலை மாப்ள. வண்டிதான் கூட்டியாந்துருச்சு. ஓடும்போது என் கைக்கு அது கேக்காது.”

வீரணனுக்கும் அது போதுமாக இருந்தது. ஆசாரிக்கு வைத்திருந்த வெற்றிலைத் தட்டை எடுத்து மச்சான் கையில் கொடுத்து, வாங்க மச்சான் என்றான். சித்தப்பா மகன் தானாக எழுந்து இடம் விட்டான். அப்போதுதான் நாகஜோதிக்குச் சீர் ஞாபகம் வந்தது. தாய்மாமன் வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தால் ஊர் சிரிக்காதா? தோடு இல்லை, பாவாடை இல்லை, ஒரு முழம் பூ இல்லை. அவன் காதருகே குனிந்து விஷயத்தைச் சொன்னாள். அவன் சாவியை நீட்டினான்.

“டிக்கியத் தொற.”

திறந்தாள். பெரிய தாம்பாளம். அதில் சின்னப் பட்டுப் பாவாடை, தோட்டுப் பெட்டி, ஒரு சீப்புப் பழம், மஞ்சள் குங்குமம். ஓரமாக ஈரத்துணியில் சுற்றி ஒரு மல்லிகை மாலை, மொட்டு இன்னும் விரியவில்லை. காலையில் கட்டியது. டயருக்குக் காற்றடிக்கப் போன லட்சணம் இதுதானா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இம்புட்டையும் பின்னால் வைத்துக்கொண்டா இந்த மனுஷன் திருமங்கலத்துக்குக் கிளம்பினான்? நாலு அறை விடலாமா என்றுகூட இருந்தது. தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஊசி இறங்கியதும் ஆர்த்திகா மாமன் மீசையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். பிள்ளையைவிட மாமன்தான் அதிகமாகக் கண்ணைத் துடைத்தான். மீசை வலிக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னான்.

சாப்பிட்டு முடித்துக் காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நாகஜோதி கேட்டாள்.

“நான் மட்டும் அமுக்காம இருந்திருந்தா?”

“நீ அமுக்காம இருப்பியா?”

கார் இன்னும் கிளம்பவில்லை. திரையில் அத்தனை பட்டனும் பளிச்சென்று இருந்தன, யார் கைக்கும் கேட்கும். மலையாண்டி இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலேயே வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தான்.

“வீட்டுக்குப் போடு ஜோதி,” என்றான்.