தூளிக்குப் பாதுகாப்பான குண்டு

1

இந்தக் கதை என் பேராசையில் பிறந்தது. மலை ஊரான புதூர்நாட்டில் பழைய புளிக் கிடங்கு ஒன்றைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். உள்ளே ரைபிளோடு குப்புறப் படுத்திருந்தாள் ரஞ்சிதம். அவளுக்குப் பின்னால், உத்தரத்தில் ஒரு சேலைத் தூளி. அதில் அவள் மகள் பூஜா, காதில் பஞ்சோடு, அத்தனை சத்தத்திலும் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? சப்புக்கொட்டிக்கொண்டு வீடு திரும்பினேன்.

2

தொடக்கம்: "அன்று சுட்ட குண்டு இரும்புத் தகட்டில் பட்டுத் திரும்பி, தூளியை நோக்கி"

(இந்த வரியை அடித்துவிட்டேன். உங்களுக்கு இதுதான் வேண்டும், தெரியும். துப்பாக்கியும் தூளியும் ஒரே அறையில் இருந்தால் குண்டு பாய்ந்தே ஆகவேண்டும். பாயாது. இந்தக் கதையில் யார் மேலும் குண்டு படாது, போங்கள்.)

ஏனென்றால் அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது. மலையில் தாய் வேலை செய்கிற இடத்தில்தான் தூளி கட்டுவார்கள். தூளி வேண்டாமென்று யாருக்கும் தோன்றவில்லை; எந்தக் குண்டு என்றுதான் யோசித்தார்கள். ரஞ்சிதத்தின் கணவன் குமரேசன், ஜீப் ஓட்டுகிறவன், பயிற்சியாளர் விஜயராஜிடம் போய் நின்றான்.

"சார், செம்பு உறை போட்ட குண்டு சுட்டீங்களே, தகட்டுல பட்டு அதுல ஒரு துண்டு என் காலாண்ட வந்து வுழுந்துச்சு. புள்ள தூங்குது சார்."

"அப்ப வெறும் காரீயக் குண்டே போடலாம்யா. மெத்துனு இருக்கும். பட்டா நசுங்கி மாவாப் பூடும். திரும்பியே வராது."

"அதையே போட்டுடுங்க சார்."

3

மாவாகப் போனது எங்கே போனது? விஜயராஜ் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீங்களும்தான் கேட்கவில்லை. முறைக்காதீர்கள்.

[அடிக்குறிப்பு, அடியில் ஒளித்துவைக்க மனமில்லாமல் இங்கேயே: கிடங்கின் ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். சத்தம் வெளியே போனால், யாரோ வேட்டையாடுகிறார்கள் என்று வனக்காவலர்கள் ஓடி வருவார்களாம். தூசியை வெளியேற்ற விசிறியும் வைக்கவில்லை.]

4

ஒன்றரை வயதாகியும் பூஜாவுக்குப் பேச்சு வரவில்லை. சோறு இறங்கவில்லை, தாய்ப்பால் மட்டும்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேலூரில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிள்ளை ரத்தத்தில் காரீய நஞ்சு. தாய் ரத்தத்திலும் காரீயம்.

"தூளிய ஏம்மா அங்க போய்க் கட்டினீங்க?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

"குண்டு படாத எடமாப் பாத்துத்தாங்க கட்னோம்."

இதை எழுதிய பிறகு பல நாள் நான் பேனாவைத் தொடவில்லை.

5

முடிவு அ: குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போகிறாள். (செல்லாது. அந்த மாவு அவள் சட்டையில் வரும், முடியில் வரும், பாலிலும் வரும்.)

முடிவு ஆ: செம்புத்தூளை அழுத்திச் செய்த குண்டுக்கு மாறுகிறாள். காரீயமே கிடையாது, பட்டால் உதிர்ந்துவிடும். விஜயராஜ் வரவழைத்தும் கொடுத்துவிட்டார், இப்போது. (ஆனால் அவள் ரைபிளுக்கு அது சேரவில்லை. பத்துப் புள்ளி வட்டத்தில் விழுந்தது எட்டில் விழுகிறது. அடுத்த மாதம் மாநிலத் தேர்வு. ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை. விட்டால் வயது தாண்டிவிடும்.)

முடிவு இ: விஜயராஜ் கண்கலங்கி, ஜன்னல்களை இடித்துத் திறந்து, எல்லோரும்

(எனக்கே சிரிப்பு வருகிறது.)

6

நேற்று மறுபடி போனேன். மேஜையில் இரண்டு குண்டுப் பெட்டிகள், ஒன்றில் காரீயம், ஒன்றில் செம்புத்தூள். ரஞ்சிதம் எதையும் தொடாமல் நின்றிருந்தாள்.

"நீங்கதான எழுதறவரு. நான் இன்னா பண்றேன்னு எழுதப் போறீங்க?"

"தெரியலம்மா."

"தெரியாமயே இவ்ளோ எழுதிட்டீங்களா?"



குமரேசன் தூளியை அவிழ்த்து வாசலுக்கு எடுத்துப் போனான். மடிக்கும் முன் பழக்கத்தில் இரண்டு உதறு உதறினான். வெயிலில் சாம்பலாய் ஏதோ மினுங்கிப் பறந்தது.

"அய்யோ, புள்ள!" என்று ரஞ்சிதம் ஓடினாள்.

வாசலில் நின்ற பூஜா, பறப்பதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

இதற்குமேல் நான் எழுதமாட்டேன். பெட்டிகள் இரண்டும் மேஜையில்தான் இருக்கின்றன. குண்டு எங்கே பாயும் என்று காத்திருந்தீர்களே, வாருங்கள். ஒன்றை எடுத்து ரஞ்சிதம் கையில் நீங்களே கொடுங்கள்.