பூட்டுப் போட்ட ஃப்ரீசர்

மினசோட்டாவில் அந்தச் சின்ன ஊரின் நூலகத்தில் வியாழக்கிழமைதோறும் துப்பறியும் மன்றம் கூடும். இந்த வாரம், தொடர் கொலைகாரர்களுக்குள் என்னென்ன ஒற்றுமை என்று லவோன் வாசித்தாள். கேட்கக் கேட்க அவளுடைய தோழி வெர்னா ஒவ்வொன்றையும் விரல் விட்டு எண்ணினாள்.

"அமைதியான ஆளு. யார் கூப்பிட்டாலும் ஒத்தாசைக்கு ஓடுவான். ஊர் ஊராப் போற வேலை. ஜன்னலில்லாத வேன். வீட்டுல எதையாவது பூட்டியே வெச்சிருப்பான்."

அத்தனையும் ஆர்லோ! மூன்று வீடு தள்ளி இருக்கிற ஆர்லோ. அவன் வீட்டுக் கீழறையில் பூட்டுப் போட்ட ஃப்ரீசர் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் சேர்ந்து போகிற சர்ச் மீன் விருந்தில், போன வாரம்தான், "என்னைக் கட்டிக்கிறியா?" என்று வெர்னாவிடம் கேட்டிருந்தான். இந்த ஞாயிறு பதில் சொல்கிறேன் என்றிருந்தாள். சரி என்று சொல்லத்தான் ஆசை. அறுபத்திரண்டு வயசில் மனசு இப்படித் துள்ளும் என்று யார் கண்டது?

வெர்னா இதைக் காதோடு சொன்னதும், "இந்தக் கணக்குல பார்த்தா நம்ம பாதிரியாரும் கொலைகாரர்தான்டி, அவரும் வேன்தான் ஓட்டுறாரு," என்று லவோன் சிரித்தாள்.

"பாதிரியார் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துடுவாரு. ஆர்லோகிட்ட நான் சாப்பாடு போட்டுக் கொடுத்த பாத்திரம் ஏழு இருக்குடி!"

லவோனின் சிரிப்பு நின்றது. பாத்திரம் பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்று அடியில் பேர் எழுதி ஒட்டிக் கொடுக்கிற ஊர் அது. ஏழு பாத்திரத்தை அமுக்கியவன் எதற்கும் துணிந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானமே வெர்னா ஆர்லோ வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"என் பாத்திரமெல்லாம் எங்க?"

ஆர்லோவின் முகம் வெளுத்தது. "அது... கீழ... நான் அப்புறமா..."

அவள் காத்திருக்கவில்லை. தடதடவென்று இறங்கினாள். ஆணியில் சாவி தொங்கியது. செத்தாலும் தெரிந்துகொண்டே சாவோம் என்று திறந்தாள்.

உள்ளே அவளுடைய ஏழு பாத்திரங்கள். கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட அவளுடைய ஹாட்டிஷ், ஒரு வாய் தொடாமல் உறைந்து கிடந்தது. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு: 'வெர்னா கொடுத்தது', தேதி, நேரம்.

"இதென்ன கூத்து?"

பின்னாலேயே வந்த ஆர்லோ தலையைச் சொறிந்தான். "நீ ரெண்டு புருஷனைப் புதைச்சவ. நூலகத்துல எடுக்கறதெல்லாம் விஷத்தைப் பத்தின புத்தகம். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா போலீசுக்கு ஆதாரம் வேணுமில்ல?"

"அடப்பாவி! 'நல்லாருந்துச்சு'ன்னு ஏழு தடவை வாய் கூசாம சொன்னியே! இவ்வளவு பயம் இருந்தா எதுக்குய்யா கட்டிக்கிறியான்னு கேட்ட?"

"நீ இல்லாத வெள்ளிக்கிழமையை நெனச்சா இதைவிடப் பயமா இருந்துச்சு."

வெர்னாவுக்குக் கோபம் பாதி, சிரிப்பு பாதி. இருப்பதிலேயே பழைய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, சூடாக்கி, அவன் முன்னால் வைத்தாள். ஆர்லோ கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கரண்டி வாயில் போட்டான். மென்றான். விழுங்கினான். அவள் குனிந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"எப்படி?"

"உப்பு கம்மி."

"மீதி ஆறையும் தின்னு முடி," என்றாள் வெர்னா, "அதுக்கப்புறந்தான் கல்யாணம்."

ஆர்லோ அடுத்த பாத்திரத்தை எடுத்துவரக் கீழே ஓடினான்.