ஞாயிறன்று நடுங்காத மலை

படம் அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதுதான் வினையாகிப் போனது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்காக, அந்த மலையடியில் தான் கண்டுபிடித்த சின்னச் சின்ன நிலநடுக்கங்களைக் கிழமைவாரியாகப் பிரித்து ஒரு வரைபடம் போட்டாள். திங்கள் முதல் சனி வரை கம்பங்கள் எழுந்து நின்றன. ஞாயிறு மட்டும் துடைத்துவிட்ட மாதிரி காலியாகக் கிடந்தது.

பூமிக்கு ஏது வார விடுமுறை? செயற்கைக்கோள் படத்தில் மலையைப் பெரிதாக்கினாள். பின்சரிவில் வெள்ளையாக ஒரு திட்டு. கல்குவாரி. மலைக்கடியில் உறங்கிக் கிடந்த நிலப்பிளவு அசைகிறது என்று அவளுடைய கணினி நிரல் இத்தனை வருடமாகச் சொல்லிவந்ததெல்லாம் பாறைக்கு வைத்த வெடி. நிரலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபோது வெடி என்று ஒன்று உண்டு என்பதையே அவள் காட்டவில்லை. குவாரிக்காரர்களாவது ஞாயிறன்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். அவளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா அழைத்தாள்.

"இந்த மாசம் படிப்பு முடிஞ்சிடும்னு சொன்னியேடி. கேக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"முடிஞ்சிடும்மா."

சொன்ன வாயே கசந்தது.

அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மலை விழித்துவிட்டது என்று கருத்தரங்குகளில் முழங்கியவர் அவர்தான்.

"வேற யார்கிட்டயாவது காட்டினியாம்மா?"

"இல்ல சார்."

"கிழமைக் கணக்கெல்லாம் யாரும் கேக்கமாட்டாங்க." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "யோசிச்சுக்கோ."

அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. பேசாமல் அவர் சொன்னபடி கேட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

இருக்கைக்குத் திரும்பியபோது எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மலையடிவாரத்தில் அதிர்வை அளக்கும் கருவியின் கோடு திரையில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று துள்ளி அடங்கியது. நிரல் கொஞ்சமும் தயங்காமல் அதன்மேல் சிவப்பில் 'நிலநடுக்கம்' என்று எழுதியது. சரியாகச் சொல்லிவிட்டேனா என்று முகத்தைப் பார்க்கும் பிள்ளை மாதிரி இருந்தது.

அவள் அந்தச் சொல்லை அழித்துவிட்டு 'வெடி' என்று அடித்தாள். பிறகு பட்டியலை மேலே, மேலே தள்ளிக்கொண்டே போய் முதல் வருடத்தின் முதல் அதிர்வில் நிறுத்தினாள். அதைக் கண்டுபிடித்த அன்று அவள் அம்மாவைத்தான் முதலில் அழைத்திருந்தாள்.

மேசைமேல் கைபேசி மறுபடி அதிர ஆரம்பித்தது. அம்மாதான். அவள் அந்த முதல் அதிர்வின் சிவப்பு எழுத்தின்மேல் அம்புக்குறியை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.