மூச்சை வெளிய விடுங்க அத்தான்

மார்பு எக்ஸ்ரே படம் பார்த்து நோயைச் சொல்வதுதான் அந்த டாக்டரின் வேலை. முன்பின் தெரியாதவர்களின் நுரையீரலை இருட்டறையில் உட்கார்ந்து நாளெல்லாம் துருவிக்கொண்டிருப்பாள். அன்று திரையில் வந்ததோ அக்கா புருஷனின் நெஞ்சு.

அத்தான் தையல்காரர். மாதக்கணக்கில் இருமல், இளைப்பு. ஆஸ்துமா என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். அது இம்மியும் கேட்கவில்லை. பொறுத்துப் பார்த்த அக்கா அவரைத் தரதரவென்று இழுத்து வந்துவிட்டாள்.

படத்தில் கட்டி இல்லை, சளி இல்லை, நீர் கோக்கவும் இல்லை. ‘நார்மல்’ என்று எழுதப்போன கை அப்படியே நின்றது. வலது நுரையீரல் ஒரு பொட்டு கூடுதலாகக் கறுத்திருக்கிறதோ? படத்தில் காற்றுதான் கறுப்பாகத் தெரியும். அத்தான் கொஞ்சம் சாய்ந்து நின்றிருந்தாலும் இப்படி வரலாம். ஆனால் உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் தேங்கியிருந்தால்?

எழுந்து ஓடினாள். இருவரும் லிஃப்டுக்குள் கால் வைத்துவிட்டார்கள்.

“அக்கா, நில்லு! இன்னொரு படம் எடுக்கணும்.”

“ஏன்டி, எதாவது ஏடாகூடமா?” அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது.

“பயப்படாத, வா.”

எப்போதும் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லித்தான் படம் எடுப்பார்கள். இந்த முறை அவளே அருகில் நின்று மாற்றிச் சொன்னாள். “முழுசா வெளிய விடுங்க அத்தான். இன்னும்... இன்னும்... அப்படியே நில்லுங்க!”

படம் வந்தது. இடது நுரையீரல் சுருங்கி வெளுத்திருந்தது. வலதோ ஊதிய பந்துபோல அசையாமல் உப்பிக்கொண்டு, இதயத்தையே இடப்பக்கம் தள்ளியிருந்தது. அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தத்தில் படம் எடுப்பவர் ஓடி வந்தார்.

அவள் நேரே அத்தானிடம் போனாள். “அத்தான், தைக்கும்போது வாய்ல எதையாச்சும் வச்சுக்குவீங்களா?”

“ஊசி, பட்டன்... ரெண்டு கையும் துணியில இருந்தா வேற எங்க வைக்கிறதும்மா?”

“ஊசின்னா பளிச்சுனு தெரிஞ்சிருக்கும். பிளாஸ்டிக் பட்டன் படத்துல தெரியாது. எப்பவாவது புரை ஏறிச்சா?”

அவர் விழித்தார். “ஒரு நாள் தும்மல் வந்து மூச்சே அடைச்சிருச்சு. பட்டன் ஒண்ணைக் காணோம். கீழ விழுந்திருக்கும்னு தேடினேன்...”

“அடப்பாவி மனுஷா, உள்ள வச்சுக்கிட்டா வெளிய தேடினீங்க?” என்றாள் அக்கா, அழுகையும் சிரிப்புமாக.

மறுநாள் நுரையீரல் டாக்டர் கேமரா வைத்த குழாயை அத்தானின் மூச்சுக்குழாய்க்குள் விட்டார். தங்கையும் பக்கத்தில் நின்றாள். வீங்கிய சதைக்கு நடுவே நீலமாக ஒரு விளிம்பு. இடுக்கி பிடித்தது, வழுக்கியது. அவள் தன் மூச்சை அடக்கிக்கொண்டாள். மறுபடி பிடித்தபோது பட்டன் முழுசாக வெளியே வந்தது. அறையே “ஹே!” என்று கத்தியது.

அத்தான் கண் விழித்ததும் அவள் ஸ்டெதாஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்தாள். வலப்பக்கம் காற்று தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

“இங்க குடுடி,” என்று அக்கா அதைப் பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டாள். வெகுநேரம் திருப்பித் தரவே இல்லை.