ஒத்துச் சீவாளி

ஒத்து ஊதுகிற பத்துமலையைப் பார்த்துச் சிரிக்காத ஆள் மலாயாவில் பீடோர் பக்கத்து அந்த ரப்பர்த் தோட்டத்தில் கிடையாது. அண்ணன் கார்த்திகேசு நாயனத்தில் விரல்களை ஓடவிட்டு ராகம் வாசிப்பான். பக்கத்தில் நிற்கும் தம்பியோ, விரல் வைக்கத் துளையே இல்லாத நீளக் குழலில் ஒரே ஒரு சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருப்பான். கன்னம் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பியிருக்கும்.

"என்னா மச்சான், இன்னிக்கும் அதே பாட்டுதானா?" என்று லயத்து வரிசை வீட்டுப் பயல்கள் கேட்பார்கள்.

"இல்ல லா, இன்னிக்குப் புதுசா அதே பாட்டு" என்று அவனும் சிரித்துக்கொண்டே போவான். அவன் பெண்டாட்டி ராக்காயிக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கூட்டத்துக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். ராகத்தின் நடுவே கார்த்திகேசு நாயனத்தை உதட்டிலிருந்து எடுப்பான், கண்ணை மூடுவான், சாவகாசமாக மூச்சு வாங்குவான். அந்த நேரத்தில் பாட்டு அறுந்து விழாமல் தாங்கிப் பிடிப்பது பத்துமலையின் ஒற்றைச் சுருதிதான். அண்ணன் நிறுத்தலாம், தம்பி நிறுத்தக் கூடாது. கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் இழுத்து, வாயால் விட்டு, இடைவெளி தெரியாமல் ஊதுவான். இதைப் போய் ஒரு வேலையா என்று கேட்கிறவனை ஒரு நிமிஷம் ஊதச் சொன்னால் தெரியும் சேதி.

குழல் வெறும் மரம். சத்தம் பிறப்பது அதன் தலையில் செருகிய சீவாளியில். காவேரிக் கரை நாணலை வெட்டி, வேகவைத்து, நசுக்கி, நூலால் கட்டி ஊரிலிருந்து கப்பலில் அனுப்புவார்கள். மெல்லிசாக இரண்டு இதழ்கள், நடுவே ஒரு சந்து, அவ்வளவுதான். காற்று பாய்ந்ததும் இதழ்கள் ஒட்டும், உடனே விலகும், மறுபடியும் ஒட்டும். அந்தத் துடிப்புத்தான் குழலுக்குள் இறங்கி நாதமாகிறது. ரொம்ப ஒட்டிக்கொண்டாலும் ஊமை, ரொம்ப விலகிப் போனாலும் ஊமை. புருஷன் பெண்டாட்டி மாதிரிதான் என்பாள் ராக்காயி. நாயனத்துக்குச் சின்னச் சீவாளி, ஒத்துக்குப் பெரியது. பெரியது மெதுவாகத் துடிக்கும், சத்தமும் தணிந்து வரும். நூல் தளர்ந்தாலும் இதழ் தடித்துப் போனாலும் சரிசெய்து கொடுப்பது அவள்தான். பால்மரம் வெட்டுகிற கை அது. மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவத் தெரிந்த கை.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப் போனான். அரிசி போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது. பால்வெட்டு படுத்துப் போனது. அப்புறம் லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். போனவர்களில் ஒருத்தன்கூடத் திரும்பவில்லை. சோறு போட்டுச் சம்பளமும் தருகிறார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். அப்படியென்றால் ஏன் ஆளைத் துரத்திப் பிடிக்கிறார்கள் என்று ராக்காயி கேட்டாள்.

அந்தத் தோட்டத்தை நடத்த வந்த ஜப்பான்காரன் கோயில் திருவிழாவில் மேளத்தைக் கேட்டுவிட்டுக் கை தட்டியிருந்தான். அடுத்த லாரி வந்தபோது, நாயனம், ஒத்து, தவில் மூன்றையும் விரலால் சுட்டி, தனியே நிற்கச் சொன்னான். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஜெயபாலன், அவன் அரைகுறை மலாயில் சொன்னதைக் கேட்டு வந்து விளக்கினார்.

"நீங்க சயாமுக்குப் போக வேணாமாம். அவங்க ராஜா பொறந்த நாளுக்கு ஈப்போ பாடாங் மைதானத்துல வாசிக்கணுமாம். நல்லா வாசிச்சா இங்கேயே இருக்கலாமாம்."

அன்றைக்கு ராக்காயி அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். தன் புருஷன் பிழைத்தான், அவன் அண்ணன் பிழைத்தான், தவில்கார சின்னையாவும் பிழைத்தார். கார்த்திகேசுவின் பெண்டாட்டி போன மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்துப் போயிருந்தாள். அவன் பிள்ளைகள் மூன்றும் ராக்காயியிடம்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அதுகளுக்கு அப்பனாவது மிஞ்சினானே என்று மாரியம்மனைக் கும்பிட்டாள்.

மனுஷனுக்கு வந்த பஞ்சம் கரப்பானுக்கும் வந்திருந்தது. ராஜா பிறந்த நாளுக்குச் சில நாளே இருக்கையில் கார்த்திகேசு தன் பெட்டியைத் திறந்தால், எச்சில் ஊறின நாயனச் சீவாளி அத்தனையையும் கரப்பான் அரித்துத் தின்றிருந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை. கப்பலோ நின்று போய் வருஷக் கணக்காகிறது. ராக்காயி மூங்கிலைச் சீவிப் பார்த்தாள், துடிக்கவில்லை. பக்கத்துக் கம்போங் கிராமத்தில், நாயனம் மாதிரியான செருனாய் ஊதுகிற மலாய்க்காரரிடம் போய் அவர் கட்டும் ஓலைச் சீவாளியை வாங்கி வந்தாள். அது நாயனத்தில் ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தியது. ஒத்தில் வைத்தால் எச்சில் பட்டதும் மடங்கி ஒட்டிக்கொண்டது.

பத்துமலையின் ஒத்துச் சீவாளி மட்டும் பிழைத்திருந்தது. ராக்காயிதான் அதை ஒரு சிகரெட் டின்னில் போட்டு மூடி வைத்திருந்தாள்.

கார்த்திகேசு வந்து வாசலில் உட்கார்ந்தான். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை திட்டித் துரத்தியிருப்பாள். அவன் அந்த டின்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரிய சீவாளியின் நீளத்தைக் குறைத்து, இரண்டு ஓரத்தையும் இழைத்து, அடியை மறுபடி கட்டினால் நாயனத்துக்கு ஆகும். ஆனால் வெட்டியதைத் திரும்ப நீட்ட முடியாது. மூன்று பேருக்கும் இது தெரியும்.

"வெட்டிடு" என்றான் பத்துமலை.

"உங்களுக்குப் பைத்தியமா? அப்புறம் நீங்க எத வச்சு ஊதுவீங்க?" என்றாள் ராக்காயி.

"நாயனம் இல்லாம வெறும் ஒத்த வச்சு என்னா பண்றது? மூணு பேரும் லாரியில ஏறணும். புள்ளைங்கள நெனச்சுப் பாரு லா."

"உங்கள யாரு நெனைக்கிறது?"

"நான் சும்மா வாயில வச்சுக் கன்னத்த உப்பிக்கிட்டு நிக்கிறேன். அந்த ஜப்பான்காரனுக்கு என்னா தெரியும்? நம்ம ஆளுங்களே நான் ஊதுறதக் கவனிச்சதில்ல." அண்ணன் பக்கம் திரும்பினான். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு. நடுவுல நிறுத்திடாதீங்க. மூச்ச வெடுக்குனு இழுத்துக்கிட்டு ஓட்டிடுங்க."

"நிறுத்துவனாடா?" என்றான் கார்த்திகேசு.

ராக்காயி பால்கத்தியைத் தீட்டினாள். கை நடுங்குகிற மாதிரி நடித்து அந்தச் சீவாளியைப் பிளந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிளந்தால் மூன்று பேரும் போவார்கள். பிளக்காமல் விட்டால் ஒருவேளை ஒருத்தரும் போகாமல் இருக்கலாம். அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டுதான் வெட்டினாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக எதையும் சீவியதில்லை. பொருத்தி ஊதியதும் நாயனம் பழையபடி பேசியது. பிள்ளைகள் ஓடி வந்து கை தட்டின. அவளுக்கு அதுகளை அறைய வேண்டும் போல இருந்தது. அறையாமல் கிழங்கைப் பிட்டுக் கொடுத்தாள்.

கூட்டம் காட்டுவதற்காகத் தோட்டத்து ஜனங்களையும் லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். ஈப்போ பாடாங் முழுக்க வெயில். ஜப்பான் ராஜா இருக்கிற திசை என்று எல்லாரும் கிழக்கே பார்த்துக் குனிந்து நிமிர்ந்தார்கள். சீனப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜப்பான் பாட்டுப் பாடினார்கள். பிறகு இவர்கள் முறை. நாற்காலிகளில் கத்தி தொங்கவிட்ட அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தோட்டத்து ஜப்பான்காரன், தன் வீட்டுக் கல்யாணம் போல முகமெல்லாம் பூரிப்பாக இருந்தான்.

சின்னையா தவிலைத் தட்டினார். கார்த்திகேசு ஊதினான். பத்துமலை கன்னத்தை உப்பிக்கொண்டு பக்கத்தில் நின்றான். ராக்காயி கண் எடுக்காமல் பார்த்தாள். ஒருத்தனும் அவனைக் கவனிக்கவில்லை. இத்தனை வருஷம் அவளுக்கு எரிச்சல் மூட்டிய அந்த அலட்சியம் இன்றைக்குச் சாமி கொடுத்த வரம் போல இருந்தது.

கார்த்திகேசு சொன்னபடி மூச்சை வெடுக்கென்று இழுத்து இழுத்து வாசித்தான். பயந்து பயந்து ஆரம்பித்தவனுக்குப் போகப் போக ராகம் கூடி வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்ட காலத்தில்கூட அவன் அப்படி வாசித்ததில்லை. பெண்டாட்டி செத்ததற்கு அழாதவன், அழுகை எல்லாவற்றையும் அந்தக் குழலில் இறக்கினான். சின்னையாவே தவிலை விட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ராகம் உச்சிக்குப் போய் நின்றது. அப்போது, நினைவு தெரிந்த நாளிலிருந்து செய்துவந்தபடியே, கார்த்திகேசு கண்ணை மூடினான். நாயனத்தை உதட்டிலிருந்து எடுத்துத் தம்பியிடம் சுருதியை விட்டான்.

பாடாங்கில் ஒரு சத்தமும் இல்லை.

பத்துமலை மட்டும் கன்னம் உப்ப, கண் பிதுங்க, ஊமைக் குழலை ஊதிக்கொண்டு நின்றான். சின்னையா பதறித் தவிலில் இரண்டு அடி அடித்தார். அதற்குள் ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரிகள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.

தோட்டத்து ஜப்பான்காரன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, ஒத்தின் வாயருகே உள்ளங்கையை வைத்து, ஊது என்று சைகை காட்டினான். பத்துமலை ஊதினான். வெறும் காற்றுத்தான் வந்தது. பளாரென்று ஓர் அறை விழுந்தது. குழல் புல்லில் உருண்டது.

ராக்காயி ஓடிப்போய்க் கிராணியின் காலைப் பிடித்தாள். "அய்யா, அந்தச் சீவாளிய வெட்டுனது நான்தாய்யா. அவரு நல்லா ஊதுவாருய்யா. சொல்லுங்கய்யா!"

"சீவாளின்னா அவன்கிட்ட எப்பிடிம்மா சொல்றது?" ஜெயபாலனுக்கு அழுகையே வந்துவிட்டது. "எனக்குத் தெரிஞ்ச ஜப்பான் பாசை குனிஞ்சு 'ஆமாங்க'ன்னு சொல்றது மட்டுந்தான்." இருந்தாலும் மலாயில் ஏதோ சொல்லிப் பார்த்தார். ஜப்பான்காரன் காதில் வாங்காமல் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கே பத்துமலையைக் கொண்டுபோக லாரி வந்துவிட்டது. கார்த்திகேசு தம்பிக்குப் பதிலாகத் தானே ஏறப் போனான். சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் நெஞ்சில் குத்தித் தள்ளினான். நாயனம் வாசிக்கிறவனை ஜப்பான்காரனுக்குப் பிடித்துப் போயிருந்ததாம். கார்த்திகேசு மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். ராக்காயி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அண்ணன் மேல கோவப்படாத" என்றான் பத்துமலை. லாரியின் பலகைக்கு மேலே அவன் தலை மட்டும்தான் தெரிந்தது. "அவரு நிறுத்துனா நான் இருப்பேன்னு பழகிட்டாரு. நேத்துத்தான் நான் இல்லாமப் போயிட்டேன்."

"வந்துருவீங்கல்ல?"

"வாரேன் லா." அவள் அழாமல் இருக்கக் கன்னத்தை உப்பிக் காட்டினான். லாரி கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகும் ஜப்பான்காரனுக்குத் தோன்றிய போதெல்லாம் கார்த்திகேசு வாசிக்க வேண்டியிருந்தது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, நிறுத்தாமலே வாசிப்பான். நிறுத்தினால் வருகிற அந்த அமைதியை அவனால் தாங்க முடியவில்லை.

சீவாளியில் நூல் தளரும்போது ராக்காயியின் வாசலில் வந்து அதை நீட்டிக்கொண்டு நிற்பான். அவள் முகம் பார்க்க மாட்டாள்; வாங்கிக்கொள்வாள். வீட்டுக்குள் மூன்று பிள்ளைகளும் கிழங்குக்குக் காத்திருக்கும். நூலை இறுக்கிச் சுற்றி, இதழைத் தண்ணீரில் நனைத்து, சரியாயிருக்கிறதா என்று அவளே ஒருமுறை ஊதிப் பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் பழைய தணிந்த சத்தம் வராதா என்றுதான் ஊதுவாள். கீச்சென்று நாயனச் சத்தம்தான் வரும்.