அருணா பேரில் உள்ள வீடு

மலைமேல் அரியூர் நாட்டில் வீடு வாங்கிக் குடிவந்த இருபதாம் நாள், வீட்டு வரியைத் தன் பேருக்கு மாற்ற நஜிமா ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். கணவன் அப்சருக்கு மிளகு வியாபாரம். அடிவாரத்திலிருந்து தினமும் மலையேறி இறங்கி அலுத்துப்போய்த்தான் மேலேயே வீடு பார்த்தார்கள். கரண்ட் இணைப்பைப் பேர் மாற்றுவதற்கும் வரி ரசீதுதான் முதலில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

செயலர் வேல்முருகன் மாற்றலாகி வந்து நாலு மாதம்தான் ஆகிறது. பத்திர நகலை வாங்கி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்தவர், அந்த இடத்தில் இரண்டு வீடு இருப்பதாகச் சொன்னார். பன்னிரண்டாம் நம்பர், வீட்டை விற்ற பிரபாவதி பேரில். பன்னிரண்டு ஏ, அருணா பேரில். இரண்டுக்கும் இந்த வருஷம் வரைக்கும் வரி கட்டியிருந்தது.

"அருணாங்கிறவங்க உங்களோடதான் இருக்காங்களா?"

இருப்பது ஒரே வீடு. பின்னால் பத்தடி போனால் சரிவு, புதர் மண்டிக் கிடக்கும். ஆனால் வந்த நாள் முதலாகப் பொழுது சாயும்போது அந்தச் சரிவிலிருந்து யாரோ பாத்திரம் விளக்கும் சத்தம் நஜிமாவுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைப்பது. கீழே யாரோ குடியிருக்கிறார்கள் என்று நினைத்து, பழக்கம் பிடிக்கலாமே என்று ஒருநாள் எட்டிப் பார்த்தாள். புதரும் பாறையும்தான் இருந்தன. அப்சரிடம் அவள் இதைச் சொல்லவில்லை.

அருணா என்று யாரும் இல்லை என்றாள். அப்படியானால் முன்பு இருந்த உரிமையாளரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார் செயலர். தானே வந்து இடத்தைப் பார்த்துவிட்டு நம்பரை நீக்கிவிடுவதாகவும் சொன்னார். வீட்டில் அப்சரும் அதையே சொன்னான். நாளைக்கு யாராவது அந்த ரசீதைக் காட்டி இடத்தில் பங்கு கேட்டால் என்ன செய்வது, முதலில் அதை எடு என்றான்.

மறுநாள் நஜிமா பஸ் பிடித்து ராசிபுரம் இறங்கினாள். பிரபாவதி மகள் வீட்டில் இருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காபி கொடுத்து, மலையில் குளிர் எப்படி என்று விசாரித்தாள். நஜிமா எழுதி வந்த காகிதத்தை நீட்டியதும், படித்துப் பார்க்காமலே மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

அருணா அவள் தங்கை. கட்டினவன் விட்டுப்போனதும் அக்காளின் இடத்திலேயே பின்பக்கம் ஓட்டு வீடு கட்டிக்கொண்டு இருந்தவள். ஒரு பலா மரத்துக்காக இருவருக்கும் சண்டை வந்து, பேச்சு முறிந்தது. இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, வரியைக்கூடத் தனியாகக் கட்டிக்கொள் என்று நம்பரைப் பிரித்துவிட்டவள் பிரபாவதிதான். எட்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் அடித்தது.

"சாயங்காலம் பாயோட வந்து நின்னா, கண்ணு. செவுத்துக்குப் பின்னால மண்ணு உதுருது, இன்னிக்கு ஒருநா இங்க படுத்துக்கறேன்னு கேட்டா. உனக்குன்னு ஊடு இருக்குதில்ல, வரி உம் பேர்லதான இருக்குது, அங்க போயிப் படுன்னு சொன்னேன்."

விடிந்து பார்த்தபோது வீடு இல்லை. ஒன்பது நாள் தோண்டினார்கள். உடம்பும் கிடைக்கவில்லை. அது முதல் அருணா பேருக்கு வரும் வரியைப் பிரபாவதியே கட்டிவந்தாள்.

"இந்த வாயாலதான் அந்த ஊட்டுக்குப் போன்னேன். அந்த ஊடே இல்லீன்னு நானே எப்படி எழுதிக் குடுப்பேன், சொல்லு."

நஜிமா காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். பிரபாவதி கொடுக்கவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"உனக்கும் கேக்குதா?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் நஜிமா வாயைத் திறந்தாள்.

"கேக்குதுங்க அக்கா. பாத்திரம் விளக்கறாங்க. பேச்சு ஒண்ணும் இல்லீங்க."

"போட்டு உடைக்கறாளா?"

"இல்லீங்க. பதனமாத்தான் கவுத்து வெக்கறாங்க."

பிரபாவதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கோபம் வந்தால் அருணா சட்டிபானையைப் போட்டு உடைப்பாளாம். அழுது ஓய்ந்தபின் பேனா கேட்டாள். கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் பார்வையிட வரும் அன்றைக்கு நானும் வருவேன் என்றாள்.

வியாழக்கிழமை வேல்முருகன் டேப்போடு வந்தார். பிரபாவதியும் வந்திருந்தாள். பனி அன்றைக்குச் சீக்கிரமே இறங்கிவிட்டது. பன்னிரண்டாம் நம்பரை அளந்து எழுதிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். சரிவின் விளிம்பில் நின்று, கட்டடம் எதுவும் இல்லைதானே என்று வழக்கம்போலக் கேட்டார். பிரபாவதி இரண்டடி முன்னால் போய், கீழே பார்த்து, பக்கத்து வீட்டில் இருப்பவளைக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிட்டாள்.

"அருணா, இங்க ஊடு இல்லயாம். வெளக்கற ஏனத்தப் போட்டுட்டு மேல வந்து படு, சாமி."

செயலர் பேனாவை எடுத்தபடி நின்றுவிட்டார். அப்சர் நஜிமாவைப் பார்த்தான். வீட்டை விற்றுவிட்டுப் போனவள் இப்போது தங்கள் வீட்டுக்குள் தங்கையைக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்தும் நஜிமா வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரபாவதி கடைசி பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது, உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்றாள். நஜிமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று பொழுது சாய்ந்தபோது சரிவில் சத்தமே இல்லை. மறுநாளும் இல்லை. நல்லதாய்ப் போயிற்று என்று நிம்மதி வரவேண்டியதுதான். நஜிமாவுக்கு வரவில்லை, வீட்டுக்குள் ஓர் ஆள் கூடியிருப்பதுபோலவே இருந்தது.

மூன்றாம் நாள் மழை. மதியம், சமையலறைக்கு அடுத்த சின்ன அறையில் விளக்குமாற்றை எடுக்கப் போனவள் கதவிலேயே நின்றாள். வெறும் தரைதான். ஆனால் சுவரோரத்திலிருந்து மூச்சு வந்துகொண்டிருந்தது. நெடுநாள் தூங்காத ஒருத்தி அடித்துப் போட்டதுபோல் தூங்கும் மூச்சு. இடையில் ஒருமுறை புரண்டு படுப்பதும் கேட்டது. நஜிமா ஓடவில்லை. கீல் கிரீச்சிடாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

சாயங்காலம் அப்சர் லாரியிலிருந்து மிளகு மூட்டைகளை இறக்கிவிட்டு, சின்ன அறையில் அடுக்கச் சொன்னான். கூடத்திலேயே அடுக்கிக்கொள்ளலாம் என்றாள் நஜிமா. அவன் மூடிய கதவைப் பார்த்தான். முதல் மூட்டையைத் தூக்கிக் கூடத்து மூலையில் சத்தமில்லாமல் இறக்கினான்.